ஆஞ்சலா பேசியதும் அவர்கள் கேட்டதும்

ஜீவனஹள்ளியில் ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர் வடிகாலின் ஓரத்து வீடு ஆஞ்சலாவுடையது. கார்மென்ட்ஸில் வேலை. அந்த வருஷத்துப் பேய்மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் புகுந்தபோது, பக்கவாதத்தில் கிடந்த கணவன் ஆண்ட்ரூவைத் தனியாளாகத் தூக்கி மேசைமேல் கிடத்தினாள். வெள்ளத்துக்குத் தப்பினான். ஆனால் அந்தச் சாக்கடை ஈரத்தில் காய்ச்சல் கண்டு, வாரம் திரும்புவதற்குள் போய்விட்டான்.

அவள் பூசைக்குப் போகும் கோயில் பங்கைச் சேர்ந்த டிரேவர், வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தான். ஆண்ட்ரூவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

"ஆஞ்சலாக்கா, பருவநிலை மாநாடு நடக்குது. பெரிய நாட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க. நடந்ததை நீங்க தமிழ்லயே சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றான். அவனை நம்பித்தான் முதன்முதலாக விமானம் ஏறினாள்.

மேடையில் அவள் தடுமாறவில்லை. "நீங்க காலங்காலமா எரிச்ச கரியும் எண்ணெயும்தான் வானத்தைக் கெடுத்துச்சுன்னு சொல்றாங்க. எங்கிட்ட ஒரு ஸ்கூட்டர்கூட இல்ல. ஆனா தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வந்துச்சு. நீங்க குடுக்கிறதை உதவின்னு சொல்லாதீங்க. அது நஷ்டஈடு. எங்களுக்குச் சேர வேண்டியது."

டிரேவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அழுதுகொண்டே வந்து கட்டிப்பிடித்தாள். மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள் என்று, ஊர் திரும்பியதும், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கல்லறைக்குப் போய் ஆண்ட்ரூவிடமும் சொன்னாள்.

சில மாதம் கழித்து, பக்கத்து வீட்டு ஐரின் டீச்சர் போனில் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"என்ன டீச்சர்?"

"நீ நஷ்டஈடுன்னு சொல்ற. அவன், 'உங்க கருணைக்கு நன்றி, நாங்க ஏழைங்க, ஆனா தைரியமா வாழக் கத்துக்கிட்டோம்'னு சொல்றான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆஞ்சலா கோயில் வாசலில் டிரேவரை மடக்கினாள். அவன் மறுக்கவில்லை.

"அக்கா, அந்த வார்த்தை அங்க ஆகாது. தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பெரிய நாட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க. அப்புறம் நம்ம ஏரியாவுக்கு வர்ற கொஞ்சநஞ்சமும் நின்னுடும். எல்லாருக்கும் நல்லதுன்னுதான்..."

"அவங்க யாரோ எவரோ, பயப்படட்டும். நீ என் புருஷன் பெட்டியைத் தூக்கினவன்டா."



அடுத்த மாநாட்டுக்கு டிரேவர், பின்தெருவில் இருக்கும் பவுலினை அழைத்தான். ஆஞ்சலா போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவுலின் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும்க்கா. ஆனா கால்வாய்க்குச் சுவர் கட்டித் தர்றேங்கிறாங்களே. மறுபடி மழை வந்தா நான் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்றாள்.

ஆஞ்சலா எழுந்து வந்தாள். மேடையில் பேசியதைப் பற்றி அவள் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.