பதிவேட்டில் எங்கள் கையெழுத்து

தலைவர் இருந்தார். செயலாளர் இருந்தார். துணைத் தலைவர் இருந்தார், பாதித் தூக்கத்தில். மேசைக்கு இந்தப் பக்கம் ஆங் மோ கியோவிலிருந்து வந்த அக்கா. அவர் பக்கத்தில் செயலாளரின் மகள். கடைசியில் நான்.

தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே உள்ள அறை அது. எங்கள் சங்கத்தின் அறை. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தமிழர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம். பட்டறை ஆட்கள் இன்று ஊரெங்கும் வீடு மாறிப் போய்விட்டார்கள். சங்கம் மட்டும் இருக்கிறது. பொங்கல் வைக்கும். யாராவது இறந்தால் பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

என் வீட்டுக்காரர் அதில் உறுப்பினர். கூட்டம் நடக்கும்போது இருபது வருடமாக அந்த அறையின் வாசல் வரை நான் தேநீர் கொண்டு போயிருக்கிறேன். தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே என்னதான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பல நாள் யோசனை. அன்றுதான் முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்தேன். ஒரு இரும்பு அலமாரி. ஒரு கேரம் பலகை. போன வருடத்துக் காலண்டர். இதற்கா சாத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சங்க விதிப்படி உறுப்பினர் என்றால் பட்டறைத் தொழிலாளி. அவருக்குப் பிறகு அவர் மகன். பெண் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் இல்லை. பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டார்கள். வருடாவருடம் சங்கத்துப் பொங்கலுக்குச் சமைத்த அக்கா, அந்தக் கோட்டோடு வெளி ஆள் ஆனார். அடுத்த பொங்கலுக்குச் சமைக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

அக்கா என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

“கரண்டி பிடிக்க நான் வேணும். பேர எழுத மட்டும் இடம் இல்லையா? என் பேர ஒரு வரி எழுதட்டும். கமிட்டிக்கும் நிப்பேன். நீ கூட வர்றியா?”

எனக்குப் பேச வராது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோ பாயோவில் ஓர் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட தட்டு எடுக்கிறேன். ஆனால் ஒரு விதியை எப்படி மாற்றுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வருகிறேன் என்றேன்.

செயலாளரின் மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் மேசையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். விதியை மாற்றச் சிறப்புக் கூட்டம் போட வேண்டும். அதைக் கேட்கப் பதினைந்து உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். தோற்றால் அதே விஷயத்தை ஐந்து வருடத்துக்கு எடுக்கக் கூடாது.

அக்காவுக்கு அப்போது வயது எழுபத்து மூன்று. “அஞ்சு வருஷமா?” என்று மட்டும் கேட்டார்.

வாரத்தில் ஒரு நாள் எனக்கு லீவு. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று ஞாயிறு அலைந்தோம். செம்பவாங், ஆங் மோ கியோ, தோ பாயோ. ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒரு மாதிரி. ஒருவர் எங்களை உட்கார வைத்து, கப்பலுக்கு அடியில் சுழலும் விசிறியை எப்படிக் கழற்றுவது என்று அரை மணி நேரம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இன்னொருவர் கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை. “பொம்பளைங்க உள்ள வந்தா நிம்மதியா கேரம் விளையாட முடியாது லா.”

“நீ விளையாடி ஜெயிச்சதே இல்லையாமே, தம்பி. உன் பொண்டாட்டிதான் சொன்னா,” என்றார் அக்கா.

உள்ளே அவர் மனைவி சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அவரும் சிரித்துவிட்டுப் பேனா கேட்டார்.

பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. காப்பிக் கடையில் இருந்தார்கள், இல்லையென்றால் தூக்கம். மனைவிதான் வருவாள். “குடுங்கக்கா. அவரு எந்திரிக்க மாட்டாரு. எப்பவும் நான்தான போடுவேன்.” கணவர் பெயரை அவளே போடுவாள். நாங்கள் வாங்கிக்கொண்டோம். என் வீட்டுக்காரருடையதை நானே சமையலறையில் போட்டேன். எங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆண்கள் ஷிப்ட், ஓவர்டைம் என்று போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கடிதமா, நகர மன்றக் கடிதமா, வீட்டில் இருப்பவள் போடுவாள்.

பதினெட்டுக் கையெழுத்து சேர்ந்தது. அதைக் கொடுக்கத்தான் அன்று போனோம்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். “இதெல்லாம் நம்ம ஆளுங்க போட்டதில்ல.”

“எப்படிச் சொல்றீங்க, செயலாளர் அவர்களே?” என்றாள் மகள்.

“வீட்ல அப்பா. இங்க செயலாளர் அவர்களேவா?”

“இங்க நீங்க செயலாளர்தான லா.”

துணைத் தலைவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

செயலாளருக்குக் கோபம் வந்தது. “நேத்தே வீட்ல இந்தத் தாளப் பாத்துட்டு ரெண்டு பேருக்குப் போன் போட்டேன். எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறாங்க. பொண்டாட்டிங்க போட்டிருக்காங்க. கள்ளக் கையெழுத்து. இத வச்சுக் கூட்டம் போட முடியாது.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “உங்க பதிவேட்டோட ஒத்துப் பாருங்களேன்.”

செயலாளர் அலமாரியைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்தார். வருடாவருடம் உறுப்பினர்கள் புதுப்பித்துக் கொடுக்கும் படிவங்கள், எங்கள் பேச்சில் பாரங்கள். முதல் பெயரை ஒத்துப் பார்த்தார். அதே கையெழுத்து. அடுத்தது. அதே. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். மனைவிகள் போட்டது எல்லாமே பொருந்தியது. கப்பல் விசிறிக்காரர் எங்கள் கண் முன்னால் தன் கையால் போட்டார். அவருடையது பொருந்தவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பாரத்திலும் ஒவ்வொரு வருடமும் நாங்கள்தான் கையெழுத்துப் போட்டோம்.

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “தம்பி, உங்க பாரத்த எடுங்க,” என்று செயலாளரிடம் சொன்னார்.

செயலாளர் எடுத்தார். பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “அது அம்மா போட்டது,” என்றாள் மகள்.

தலைவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். “இது கள்ளம்னா அதுவும் கள்ளம். அப்புறம் இங்க உறுப்பினருன்னு யாரு இருக்கா? நம்மள யாரு தேர்ந்தெடுத்தா? பேசாம கூட்டத்தப் போடுங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கு அவனவன் நேர்ல வந்து கை தூக்கணும். அத வீட்ல இருந்து யாரும் செய்ய முடியாது.”

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கையெழுத்த நான் போட்டுட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“எப்பவும் நீதான போடுற.”

“கூட்டத்துக்குப் போவீங்களா?”

“போவேன்.”

“கை தூக்குவீங்களா?”

“பாப்போம்.”

டிவியின் சத்தத்தைக் கூட்டினார். முப்பத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த விஷயத்தில் இவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அன்றுதான் தெரிந்தது. கூட்டம் வரை இருந்த மூன்று வாரமும் அவர் சாப்பிடும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன பாக்குற?” என்றார். “ஒண்ணுமில்ல,” என்றேன்.

கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். செயலாளரின் மகள் உடனே கணக்குச் சொன்னாள். இருபத்தெட்டுக் கை வேண்டும்.

அக்கா உறுப்பினர் இல்லை. அதனால் அவர் விஷயத்தைப் பேச அவருக்கே இடமில்லை. நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். கதவைச் சாத்த ஒருவர் வந்தார். நான் தேநீர் மேசையை நகர்த்திக் கதவை ஒட்டிப் போட்டேன்.

“மேசைய எடுங்க.”

“சூடா இருக்கு. கொட்டிரும்,” என்றேன்.

அவர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே பேசினார்கள். பழைய ஆட்கள் ஏற்படுத்திய விதி என்றார் ஒருவர். பெண்களுக்குத் தனியாக ஒரு பிரிவு வைக்கலாமே என்றார் இன்னொருவர். கப்பல் விசிறிக்காரர் எழுந்தார். “அந்த அக்கா கையால நீ சாப்பிட்டதில்லையா? அப்புறம் என்ன பேச்சு?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

விதியை மாற்றச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

நான் எண்ணினேன். வாசலிலிருந்து எல்லோரும் தெரிந்தார்கள், ஒருவரைத் தவிர. கடைசி மூலையில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் போனதைப் பார்த்தேன். கை தெரியவில்லை.

இருபத்தேழு. மறுபடி எண்ணினேன். இருபத்தேழுதான்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “எத்தன?”

நான் மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்தேன்.

செயலாளர் கை தூக்கவில்லை. அவர் வேலை எண்ணுவது. பென்சிலோடு முன் வரிசையிலிருந்து நடந்து வந்தார். அலமாரிப் பக்கம் வந்ததும் நின்றார். பின்னால் குனிந்து பார்த்தார். தாளில் ஒரு கோடு போட்டார். மேசைக்குத் திரும்பிப் போய், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“இருபத்தெட்டு.”