ஏணிச் சண்டையும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

முடி வெட்டும்போது அவர் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். நாற்காலியில் இருப்பவர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "பயப்படாதீங்க சார், கால்தான் ஓடுது. கை ஓடல" என்பார். இதுவரை யாருக்கும் காது போனதில்லை.

சலூனுக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வேகத்துக்காக வைத்தது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் எடுப்பார். வெட்டுவது கால் மணி, மீதியெல்லாம் பேச்சு. ஐம்பதை நெருங்கும் வயது, ஆளுக்கு முன்னால் நடந்துபோகும் தொப்பை. பஸ் கிளம்பினால்கூட ஓடமாட்டார். "அடுத்தது வராமயா போயிடும்?" என்று நிற்பார். அந்த மனிதர் மாரத்தான் ஓடினாரென்றால், அதற்குக் காரணம் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளைக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் மாப்பிள்ளை முறுக்குக் குறையாத ஆள். வீட்டுக்கு வெள்ளையடிக்க இவருடைய அலுமினிய ஏணியை வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லை. கேட்டால், "நீங்களா குடுத்ததுதானே மச்சான், கடனாவா கேட்டேன்?" என்பார். மாதத்தின் முதல் ஞாயிறன்று எக்ஸ்பிரஸ் அங்கே போய் அவருக்கு முடி வெட்டிவிடுவார். வெட்டி முடிகிறவரை ஏணிச் சண்டை நடக்கும். அந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது.

மாப்பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏறியதும் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. அந்த ஞாயிறும் எக்ஸ்பிரஸ் துணியும் கத்தரியுமாகப் போய் நின்றார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "என்ன மச்சான் பாக்குறீங்க? பின்னாடி கொஞ்சம் குறைங்க" என்றார். எக்ஸ்பிரஸ் துணியைக் கட்டிவிட்டு வெறும் காற்றை வெட்டினார். ஏணிச் சண்டையும் குறைவில்லாமல் நடந்தது. வீடு திரும்பித் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

சிகிச்சையின் கடைசிக் கட்டத்துக்குப் பணம் போதவில்லை. யாரிடமும் சும்மா கேட்க இவருக்கு மனமில்லை. "மாரத்தான் ஓடுறேன். முடிச்சா ஆளுக்கு முடிஞ்சத குடுங்க" என்று சலூனில் அறிவித்தார். சிரித்தார்கள், ஆனாலும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இரும்புக்கடைக்காரர் மட்டும் ஒரு படி மேலே போனார். "ஆறு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க. எல்லாரும் சேந்து போடுறத நான் ஒருத்தனே போடுறேன்" என்றார். அவர் போட்டால்தான் மருத்துவமனைக்குக் கட்ட முடியும்.

சில மாதப் பயிற்சியில் கால் பழகியது. வாய்தான் பழகவில்லை. தெரிந்த தலை எதிரே வந்தால் நின்றுவிடுவார். ஒருநாள் ஒருவருடைய கிருதா ஒருபக்கம் ஏறி, ஒருபக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார். காலுறையில் செருகியிருந்த சீப்பை எடுத்து, நடுத்தெருவில் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். தங்கை அதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ப் புலம்பினாள். "இவர் எங்க ஓடி முடிக்கப் போறாரு!"

மாப்பிள்ளை யோசித்தார். "அவரால பேசாம இருக்க முடியாது. ஊரோட பேசுறதுக்கு என்னோட பேசிக்கிட்டே ஓடட்டும்."

ஓட்டத்தன்று எக்ஸ்பிரஸின் காதில் இயர்போன், மருத்துவமனைக் கட்டிலில் மாப்பிள்ளை கையில் போன். முதல் அடியிலேயே ஏணி தொடங்கிவிட்டது. கைதட்ட நின்றவர்கள், இந்த மனிதர் யாரைத் திட்டிக்கொண்டு ஓடுகிறார் என்று விழித்தார்கள். தண்ணீர் கொடுக்குமிடத்தில் சற்றே சத்தம் அடங்கியது. "யார் தலைய பாத்துட்டு நிக்கிறீங்க? ஓடுங்க!" என்று போன் அதட்டியது. மாப்பிள்ளைக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் வைக்கவில்லை.

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் நின்றுவிட்டது. எக்ஸ்பிரஸ் சாலையோரத்தில் உட்கார்ந்தார். "முடியல மாப்ள. மன்னிச்சிருங்க."

மறுமுனையில் மாப்பிள்ளை கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "மச்சான், ஒண்ணு சொல்லணும். அந்த ஏணிய போன வருஷமே பழைய சாமான் கடையில போட்டுட்டேன்."

"என்னது?" எக்ஸ்பிரஸ் எழுந்துவிட்டார். "யாரக் கேட்டு வித்தீங்க? இருங்க, நேரா அங்கதான் வரேன்!"

அந்தக் கோபத்திலேயே கெடு முடியுமுன் கோட்டைத் தாண்டினார். கட்டிப்பிடிக்க வந்த இரும்புக்கடைக்காரரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என் ஏணிய வித்துட்டாரு சார்!"

இரும்புக்கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. சிகிச்சை முடிந்தது. ஏணி இன்றும் மாப்பிள்ளை வீட்டுப் பின்சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது.

இந்த மாத முதல் ஞாயிறும் எக்ஸ்பிரஸ் போனார். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, "பின்னாடி கொஞ்சம் குறைங்க" என்றார். துணியைக் கட்டிவிட்டுக் குனிந்தவரின் கண்ணில், காதுக்குப் பின்னால் பூனைமயிர் போல எதுவோ பட்டது. விரலால் தடவிப் பார்த்தார். முடிதான். தலை முழுக்க அரும்பியிருந்தது.

எக்ஸ்பிரஸ் கத்தரியை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு முடிகூடப் பட்டுவிடாமல், காற்றை வெட்டத் தொடங்கினார்.