வேட்டியில் மின்னிய இரும்பு

எங்கள் மினி லாரியின் பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல், பழங்குடிகளுக்கான ரிசர்வ் காட்டுக்குள் போய்த்தான் உடைந்து தொலைத்தது. நிற்கவே கூடாத சாலை அது. கேட் திறக்கும் நேரத்தில் வண்டிகள் எல்லாம் சேர்ந்து, போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். கான்வாயில் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தே கொன்றன. இன்னொரு முறை இங்கே நின்றால் பெர்மிட் போய்விடும் என்று போலீஸ்காரர் என் கணவரை எச்சரித்து, வண்டியைக் கட்டி இழுத்து வர விட்டார். பெர்மிட் போனால் ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் காய்கறி ஏற்ற முடியாது. எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மெக்கானிக் மெயின்லேண்டுக்குப் போயிருந்தார். கப்பலில் வந்து இறங்கிய வேறு டிஃபரன்ஷியலை வீட்டு முற்றத்திலேயே மாட்டிவிடலாம் என்றார் இவர். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதைந்துகொண்டே போனது. தென்னங்கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்தபடி சாமியைக் கும்பிட்டேன், இவரைத் திட்டினேன்.

"என்னங்க, கட்டை நகருதுங்க!"

"நகரலடி. சும்மா பயமுறுத்தாம அந்த ஸ்பேனரைக் குடு."

ஒருவழியாக மாட்டி முடித்தோம். மறுநாள் காலை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனார். அப்பாடா என்று துவைக்க உட்கார்ந்தால், அவருடைய பழைய வேட்டி ஒன்று கறுப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. உதறினேன். வெயிலில் ஜிகினா மாதிரி என்னவோ மின்னியது. தொட்டுப் பார்த்தேன், இரும்புத் தூள். உடைந்ததிலிருந்து வடித்த ஆயிலைப் பிடித்துவைத்த பேசின் காலி. புது ஆயில் டின்னோ மூடிகூடத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

கப்பலில் வந்த எதையும் இந்தத் தீவில் யாரும் லேசில் கொட்ட மாட்டோம். கிழிந்த தார்ப்பாயைக்கூட மடித்து வைப்போம். அந்தப் புத்தியில் இந்த மனுஷன் பழைய ஆயிலையே வேட்டியில் வடிகட்டித் திரும்ப ஊற்றியிருக்கிறார்! வேட்டி எவ்வளவைத்தான் பிடித்து வைக்கும்? மிச்சத் தூள் புதுப் பற்களுக்கு நடுவே அரைபட்டு, காட்டுக்குள் போய் வண்டி நின்றுவிட்டால்?

போன் போட்டேன், சிக்னல் இல்லை. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் ஸ்கூட்டர் சாவியை நீட்டினார். "ஜல்தி ஜாவ் பாபி, கேட் குல் ஜாயேகா!" சீக்கிரம் போ, கேட் திறந்துவிடும் என்று அவரும் பதறினார். காடு தொடங்கும் கதம்தலாவில் கேட் திறந்துவிட்டால் அப்புறம் இவரைப் பிடிக்கவே முடியாது. டின்னைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு விரட்டினேன். எதிரே வந்த பஸ் ஒவ்வொன்றையும், காட்டைத் தாண்டி வந்ததோ, கேட் திறந்துவிட்டதோ என்று பார்த்துப் பார்த்துச் செத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க! பழைய ஆயிலையா ஊத்துனீங்க?"

"வடிகட்டித்தானே ஊத்துனேன். கத்தாத, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! உள்ள போயி நின்னா அப்பவும் பாப்பாங்க!"

முறைத்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டினார். கேட் திறந்தது. எங்களைத் தாண்டி மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. இவர் முகம் கடுகடுவென்று இருந்தது. அடியில் நுழைந்து, கீழே இருந்த போல்ட்டைக் கழற்றினார். நான் பிடித்த வாளிக்குள் ஆயில் கொழகொழவென்று இறங்கியது. கடைசியில் டங் என்று ஏதோ விழுந்தது.

கையை விட்டுத் துழாவி எடுத்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரும்புச் சில். வேட்டியில் வடிகட்டியது சரிதான், பழையது உடைந்தபோது அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டதைத் துடைக்க மறந்திருக்கிறார்.

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. இவர் அந்தச் சில்லை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் அடியில் நுழைந்து, அந்தத் துளைக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு வேலையை இவர் இரண்டாம் முறை சரிபார்த்து இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. வசவை விழுங்கிவிட்டேன்.

பாதி டின்னை ஊற்றிக் கழுவி வடித்துவிட்டு, மீதியை நிரப்பினோம். அடுத்த கான்வாய்க்குக் கேட் திறந்தபோது, ஸ்கூட்டரை டீக்கடையில் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

"நீயும் ஏறு. தனியாப் போக பயமா இருக்கு."


ஏறி உட்கார்ந்தேன். காடு முடியும்வரை இரண்டு பேரும், பின் அச்சில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனோம்.