பிளம்பர் வீடு பார்த்த கதை

என் வீட்டுக்காரருக்கு பிளம்பர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர். சொட்டுகிற குழாயைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. இந்த நல்ல குணத்தால் நாங்கள் நான்கு வீடுகளைக் கோட்டை விட்டோம்.

வாடகை வீட்டின் உரிமையாளர், மகன் குடிவரப்போகிறான், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். கல்யாணமானதிலிருந்து ஏழு வீடு மாறியாயிற்று. எட்டாவதாவது சொந்த வீடாக இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஆனால் வீடு என்ன கடையிலா தொங்குகிறது? விற்பனைக்கு என்று ஒரு பலகை மாட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது குடும்பம் வாசலில் வரிசை கட்டிவிடும். உள்ளே போய்ப் பார்க்க ஆளுக்குக் கால் மணி நேரம். மாலைக்குள் யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு வீடு.

அந்தக் கால் மணி நேரத்தில் நான் அறைகளை அளந்துகொண்டிருப்பேன். இவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருப்பார். முதல் வீட்டில் வாஷர் மாற்றினார். இரண்டாவதில், ஓயாமல் ஓடிய ஃப்ளஷ் டேங்கை நிறுத்தினார். மூன்றாவதில் குளியலறை அடைப்பை எடுத்தார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள், "பரவாயில்லையே, எல்லாம் கச்சிதமா இருக்கே" என்று விலையை ஏற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவது வீடும் அதே கதியில் போனபோது, வீடு காட்டிவந்த புரோக்கரே சிரித்துவிட்டார்.

"அக்கா, சார் பார்த்துட்டுப் போற வீடெல்லாம் உடனே வித்துடுது. என் கமிஷன்ல அவருக்கும் ஒரு பங்கு தரணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவது வீட்டுக்குக் கிளம்பும்போது அவருடைய கருவிப் பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கையோடு வாயையும் மூடிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

அது மாடி வைத்த வீடு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, மாடியைத் தனக்கு வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தை விற்கிறார். கூடத்துச் சுவர் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறி நனைந்திருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்து, அஸ்திவாரமே போச்சு போல என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார்கள். கடைசியில் எங்களோடு சேர்த்து மூன்றே குடும்பம். விலையும் எங்களுக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கியது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

இவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு காதை வைத்தார். நான் நறுக்கென்று கிள்ளினேன். கேட் வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்தவர், அங்கிருந்து திரும்பிவிட்டார்.

"அம்மா, அஸ்திவாரத்துக்கு ஒண்ணும் ஆகல. மாடிக்குப் போற பைப்ல ஒரு ஜாயின்ட் விட்டிருக்கு, அவ்வளவுதான். அரை நாள் வேலை. இதுக்காக விலையைக் குறைச்சுடாதீங்க."

மற்ற இரண்டு குடும்பமும் அங்கேதான் நின்றிருந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஏங்க, உங்களை என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்?" என்றேன் தெருவுக்கு வந்ததும்.

"அந்தம்மா பயந்துபோய் நிக்கிறாங்க. தெரிஞ்சுகிட்டே எப்படி வாயை மூடிட்டு வர்றது?"

வீடு வரை அவருக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தேன். நானாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாலைக்குள் விலை ஏறிற்று. நாங்களும் முக்கி முனகி ஏற்றிக் கேட்டோம். இன்னொரு குடும்பம் அதற்கும் மேலே கொஞ்சம் கேட்டது. ஆறாவது வீடு தேட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவே போன் செய்து, வீடு உங்களுக்குத்தான் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. ஏன் என்று கேட்டேவிட்டேன்.

"கீழே ஓடுற பைப்பே இந்த லட்சணம்னா மாடியில எல்லாம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரும்மா. பிளம்பருக்கு போன் பண்ணா ஒரு வாரம் கழிச்சு வர்றாங்க. கீழேயே உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் குடியிருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

அரை நாள் வேலை என்றாரே, ஜாயின்ட்டை மாற்ற இரண்டு நாள் பிடித்தது. சுவர் காய ஒரு மாதம்.

பத்திரம் முடிந்து குடிவந்த மறுநாள், நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் என் வீட்டுக்காரர். வேலை முடிந்து வந்திருக்கிறார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடி, வேலைக்குப் போகிற ஊரார் வீட்டு வாசலில் நிற்பது போலவே, வழியை மறிக்காமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

"யாராவது திறக்கட்டும்னு நின்னுட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. "உள்ள வாங்க, நம்ம வீடுதான்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.