காம்பராவுக்கு எந்தப் பாத்தி?

டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவை, அதாவது பிள்ளைகள் காப்பகத்தை, நடத்திக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பகல் சோறும் அங்கேதான். அதற்கு மரக்கறி கொடுத்தவள் செல்வி. அவளும் கொழுந்துக்காரிதான், குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போஞ்சி, அதுதான் பீன்ஸ், போட்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கையும் தாராளம். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் காய வேண்டிய மாதத்தில் மழை கொட்டியது. போஞ்சி இலையெல்லாம் புள்ளி. செல்வி மருந்து அடிப்பாள், மழை கழுவிவிடும், மறுபடி அடிப்பாள்.

எங்கள் பக்கம் மரக்கறி போடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விற்பனைக்கு லொறியில் போகும் பாத்தி வேறு, வீட்டுக்கு ஆக்கும் பாத்தி வேறு. வீட்டுப் பாத்திக்கு மருந்து கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு நாள் அவள் கொண்டுவந்த போஞ்சி ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"செல்வி, இது எந்தப் பாத்தி?"

"லொறிப் பாத்திதாங்க டீச்சர். வீட்டுப் பாத்தியில பூரா பூச்சி. அதப் போயி புள்ளைங்களுக்கு எப்புடிக் குடுக்குறது? நல்லதாப் பாத்துப் பொறுக்குனேன்."

"எப்ப மருந்தடிச்ச?"

"முந்தாநாளுங்க."

"ஒம் மவன் பகலைக்கு எங்க சாப்புடுறான்?"

செல்வி காம்பராப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் மகன் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து, பருப்பை மட்டும் அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கூடையில் கோணல்மாணலாக, ஓட்டை விழுந்த போஞ்சி.

"பெரட்டுக்குப் பிந்திட்டியே, அரை நாள் சம்பளம்தானே கெடைக்கும்?"

"போனா போவுதுங்க. பூச்சி பாத்து நானே அரிஞ்சு தாறேன்."

அடுத்த போகத்தில் பாத்தியெல்லாம் மானாப்புல்லை வெட்டி மண்மேல் பரப்பினாள். மழை அடித்தாலும் சேறு இலையில் தெறிக்கவில்லை, நோயும் குறைந்தது. மருந்து அடியோடு நின்றது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றாக இருந்த வீட்டுப் பாத்தி மூன்றானது.

காம்பரா வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காயைப் பார்க்காதீர்கள், பாத்தியைக் கேளுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம் ஹட்டன் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவரிடம், "ஒங்க வீட்டுக்கு எதுங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துக்கொண்டே குனிந்து, மேசைக்குக் கீழே வீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த பையை எடுத்தார்.