புல்லட் அந்தோணியின் குறட்டை

அனுமந்தையில் அந்தோணிராஜ் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. புல்லட் அந்தோணி என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அவரிடம் புல்லட் வண்டி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பழைய சைக்கிள்தான். பெயர் வந்தது குறட்டையால். கல்யாணமான புதிதில், மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து வந்து மத்தியானம் அவர் படுத்தார் என்றால், தெருமுனையில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது போல இருக்கும். புதுப்பெண் லூர்துமேரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உன் வண்டி இன்னிக்கு சீக்கிரமே கெளம்பிடுச்சி போல" என்று குழாயடியில் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, பிடித்தும் போனது. தானே புயலின்போது தெருவையே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். வெளியே காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருக்க, உள்ளே அந்தோணி மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். அந்தச் சத்தம் விடாமல் கேட்டதால்தான் பிள்ளைகள் பயப்படாமல் தூங்கின என்று, லூர்துமேரியோடு உப்பளத்தில் உப்பு வாரும் சின்னப்பாப்பா மறுநாள் சொன்னாள். லூர்துமேரிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தாலும் அவள் முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் அந்தச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி திடீரென்று நின்றுபோகும். மூச்சே வராது. நெஞ்சு மட்டும் எக்கி எக்கித் தவிக்கும். லூர்துமேரி முழங்கையால் விலாவில் ஓர் இடி இடிப்பாள். தண்ணீரில் முங்கி எழுந்தவர் போல அவர் திணறி மூச்சை இழுத்து, மறுபடி ஆரம்பிப்பார். அமுக்குவான் பேய் நெஞ்சில் வந்து உட்காருகிறது என்றுதான் அவள் நினைத்தாள். தலையணைக்கு அடியில் ஜெபமாலையை வைத்தாள். அதற்கும் அடங்காமல் போகவே, சின்னப்பாப்பா சொன்னபடி ஓர் இரும்புக் கத்தியையும் சேர்த்து வைத்தாள். இரண்டும் இருந்தும் மூச்சு நின்று நின்றுதான் வந்தது. முழங்கைதான் வேலை செய்தது.

பகலில் அவர் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். உப்புக் குவியலில் சாய்ந்தால் தூக்கம், டீக்கடை பெஞ்சில் தூக்கம், பூசையில் சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தால் தூக்கம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன்னே உப்புப் பாத்தியில் இறங்குகிற ஊரில் பகலில் கண்ணசராதவர் யார்? எழுந்ததும் தலைவலி என்றால், உப்பு வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் என்றார்கள். பிரஷர் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, உப்பிலேயே நிற்கிறவனுக்கு உப்பு ஏறாமல் சர்க்கரையா ஏறும் என்று அவரே சிரித்தார்.

போன பங்குனியில் அந்தச் சிரிப்பு நின்றது. பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரித் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஜான்சிதான் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் அவர் தூங்குவதைக் கவனித்த நர்ஸ் டாக்டரம்மாவிடம் சொல்ல, தூக்கப் பரிசோதனையும் நடந்தது.

டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, உடம்பு பதறி எழுப்புகிறது, ஒவ்வொரு தடவையும் பிரஷர் எகிறுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் ரத்தக்குழாயின் சுவர் கெட்டு, அடைப்பு வர வழியாகும் என்றார். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, பீடியும் இருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளக் காற்று ஊதும் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. அந்தோணி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார், கழற்றி வைத்துவிட்டார். தும்பிக்கையோடு படுத்தால் ஊர் சிரிக்கும் என்றார். ஜான்சி கெஞ்சினாள், திட்டினாள், இன்னொரு தடவை நெஞ்சு வலித்தால் என்ன ஆகும் என்று அழுதாள். மனுஷன் மசியவில்லை. "உங்கம்மாவுக்குத்தான் என் சத்தம் புடிக்காது. முப்பது வருஷமா இடிச்சிக்கினே இருக்கா. அவ தூங்கறதுக்கு நான் மெஷின் மாட்டிக்கணுமா?" என்றார்.

பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த லூர்துமேரிக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருஷமும் இந்த மனுஷன் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தார்? ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

"சத்தம் போட்டா நான் எதுக்குங்க இடிக்கப்போறேன்? சத்தம் நின்னாத்தான் இடிப்பேன். மூச்சில்லாம கெடப்பீங்க. ஒரு நாளாச்சும் நான் முழுசா தூங்கியிருக்கேனா? எனக்கும் வயசாவுது. ஒரு நாள் நான் அசந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

அவர் கை தானாகப் போய் விலாவைத் தடவியது. வெகுநேரம் வெளியே போய் நின்றிருந்துவிட்டு வந்தார். சாப்பிட்டதும், யாரும் சொல்லாமலே மெஷினை மாட்டிக்கொண்டு பாயில் படுத்தார்.

லூர்துமேரியும் பக்கத்தில் படுத்தாள். மெஷின் மெல்ல ஊதியது. புல்லட் இல்லை. ஆள் ஊருக்குப் போய்விட்ட வீடு மாதிரி இருந்தது. குழாயடிக் கிண்டலும், பள்ளிக்கூடத்தில் பயமில்லாமல் தூங்கிய பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்து அவளுக்குக் கண் கலங்கியது. ஒழிந்தது சனியன் என்று நினைக்க வேண்டிய சத்தத்துக்கு ஏங்குகிறோமே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. பழக்கத்தில் முழங்கை எழும், பார்த்தால் அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே எப்போது கண்ணசந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் பிடிக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. பதறி எழுந்தாள். அந்தோணி பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. வேலைக்குக் கூப்பிட வந்த சின்னப்பாப்பாவைக்கூட வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம். எழுப்பியிருக்கக் கூடாதா என்று அவள் கடிந்துகொண்டாள்.

"நீ கொறட்ட வுடுற மேரி," என்றார் அவர். "இன்னிக்கிதான் கேக்கறேன். நடுவுல நிக்குதான்னு பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."