மைனஸில் நின்ற ராக்கெட்

போன வாரம் என் மனைவி ஒரு ராக்கெட்டை நடுவானில் நிறுத்திவிட்டாள். அதுவும் வேலைக்கான டெமோ வகுப்பில்!

குழந்தைகளுக்காக வேலையை விட்ட பிசிக்ஸ் டீச்சர் அவள். மறுபடி போர்டு முன்னால் நிற்க வேண்டும் என்று பல வருட ஏக்கம். கொடைக்கானலில் ஒரு பள்ளி கூப்பிட்டதும் வத்தலக்குண்டில் விடியுமுன்னே, வெள்ளனே பஸ் ஏறினோம். துணைக்கு நான். வெளியே கொட்டுகிற மழை... பிரின்சிபால் மேடம் பாவம் பார்த்து என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்.

கணக்கு இதுதான். பறக்கிற ராக்கெட்டில் ஒரு கடிகாரம், பூமியில் ஒரு கடிகாரம். ஒன்றில் மூன்று மணி நேரம், இன்னொன்றில் ஐந்து. ராக்கெட்டின் வேகம் என்ன?

நேரத்துக்கான சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு வேகத்தைத் தனியே எடுத்தாள். ராக்கெட் நேரத்தைப் பூமி நேரத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்கு. அழகாக வந்தது. பிறகு ராக்கெட்டுக்கு ஐந்து, பூமிக்கு மூன்று என்று போட்டாள்.

வர்க்கமூலத்துக்குள் மைனஸ்!

அப்படி ஒரு வேகமே கிடையாது; ராக்கெட் நடுவானில் நின்றது. பிரின்சிபால் பேனாவை மூடினார். வேலை போச்சு...

அவள் போர்டையே பார்த்தாள். சட்டென்று சிரித்தாள்.

"ஏப்பா, மலையேறி வர்றப்ப யாருக்கு நேரம் கூட ஆகுது? பஸ்ஸுல உக்காந்திருக்கவங்களுக்கா, வீட்ல இருக்கவங்களுக்கா?"

"பஸ்ஸுலதான் மிஸ்! ஒவ்வொரு வளைவும் ஒரு யுகம் மிஸ்!"

"நானும் வாந்தியை அடக்கிக்கிட்டு வந்த நெனப்புலயே போட்டுட்டேன். ராக்கெட்டுல தலைகீழு. பறக்குற கடிகாரம்தான் மெதுவாப் போகும். அப்ப மூணு யாருக்கு?"

"ராக்கெட்டுக்கு!"

"வெரசா மாத்திப் போடுங்க பாப்போம்."

பேனாக்கள் பறந்தன. "ஒளி வேகத்துல எண்பது சதவீதம் மிஸ்!" என்று மூலைக்கு மூலை சத்தம். நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். திரும்பி முறைத்த பிரின்சிபாலும் சிரித்துவிட்டார்.

"திங்கக்கிழமையே வந்துருங்க டீச்சர்."

வராந்தாவில் அவள் கண் கலங்கி நின்றாள். "ஏங்க, எடுத்துக்கிட்டாங்கங்க!" எனக்கும் அவ்வளவு சந்தோஷம். நாம் படுகிற பாட்டை வைத்துத்தானே உலகத்தின் கணக்கையே போடுகிறோம்?

திங்கட்கிழமை அவள் மலையேறினாள். சமையல், பாத்திரம், துணி, பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் என் தலையில்.

சூத்திரம் நூற்றுக்கு நூறு சரி — வீட்டில் இருப்பவனுக்குத்தான் நேரம் நீள்கிறது!